அடையாளம் தெரியாத கை

பத்தரைக்கு வருவதாகச் சொன்ன துணையமைச்சர் பதினொன்றேகால் ஆகியும் வந்து சேரவில்லை. ஒடிலியா பர்ரகான் முதல் வரிசையில், முழங்கால்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எழுபத்து மூன்று வயதின் கனம் முழுவதையும் ஒரு மடக்கு நாற்காலியில் இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். இந்த அகுவாதெபெக் ஊரில் மழை பெய்வதில்லை; மலையிலிருந்து ஈரம் இறங்கி வந்து ஆட்களின்மேல் உட்கார்ந்துகொள்ளும். முற்றத்துக்கு மேலே கூடாரத் துணி கட்டியிருந்தும் அந்த ஈரம் பக்கவாட்டில் புகுந்து அவள் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. துடைத்தாள். மறுபடி படிந்தது. எதிரே அவளுடைய சுவர். நாற்பது மீட்டர். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், இது ரயில்வே தொழிற்சங்கக் கட்டிடமாக இருந்தபோது, சாரத்தின்மேல் ஏறி நின்று ஈரச் சுண்ணாம்பில் அவள் வரைந்தது. இப்போது சங்கம் இல்லை, கட்டிடத்துக்குப் பண்பாட்டு மாளிகை என்று பெயர். சுவரின் நடுவில் ஒரு கதவளவு இடத்தை மட்டும் தேசியக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. அதைத் திறந்து வைக்கத்தான் துணையமைச்சர் வருகிறார். "குளிருதா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அம்பாரோ கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒடிலியாவின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். கொடுத்திருக்கக் கூடாது. வலது கையை அந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது இழுத்தால் ஏன் என்று கேட்பாள். அந்த முகம் அம்பாரோவின் கணவன் ஃபிதென்சியோ அர்ரியேத்தாவின் முகம். அதை மறைத்தது இந்தக் கை.

மடியில் கிடந்த விழாக் கையேட்டை நான்காவது தடவையாகப் படித்தாள். படிக்க அதில் ஒன்றும் இல்லை. முதல் பக்கத்தில் அவள் படம், அதற்குக் கீழே 'அஞ்சாத தூரிகை' என்ற தலைப்பு. அஞ்சாத. யாரோ ஒரு அலுவலகப் பையன் மேஜையில் உட்கார்ந்து, இரண்டு மூன்று சொற்களை அடித்துப் பார்த்து, கடைசியில் இதைத் தேர்ந்தெடுத்திருப்பான். உள்ளே, ரயில்வே வேலைநிறுத்தம் நசுக்கப்பட்ட அந்த வசந்த காலத்தில், தலைவர் அர்ரியேத்தாவின் முகத்தை அன்றைய அதிகாரத்தின் இருண்ட கை அழித்தது, ஓவியரைச் சிறையில் வைத்தது, ஆயினும் உண்மை சுண்ணாம்புக்கு அடியில் முப்பத்தொரு வருஷம் காத்திருந்தது. காத்திருந்தது என்ற சொல்லில் அவள் ஒவ்வொரு தடவையும் இடறினாள். உண்மை காத்திருக்குமா? உண்மைக்கு என்ன வேலை, உட்கார்ந்து காத்திருக்க. அவள்தான் காத்திருந்தாள். எல்லாரும் சாகட்டும் என்று. ஃபிதென்சியோ செத்துப் பதினாறு வருஷமாகிவிட்டது. அன்றைக்கு அவளை விசாரித்த அதிகாரியும் போய்விட்டார், பத்திரிகையில் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அவளுடைய கட்சியில் அன்றைக்கு இருந்தவர்களில் இரண்டு பேர் மிச்சம், ஒருவருக்கு நினைவே இல்லை. அம்பாரோ மட்டும் சாகவில்லை. அம்பாரோ சாக வேண்டும் என்று அவள் நினைத்தது கிடையாது. நினைத்ததே கிடையாதா? ஒரு வருஷம், அம்பாரோவுக்கு நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேருந்தில் ஏறிப் பார்க்கப் போகும் வழியெல்லாம் அழுதாள். அழுகைக்கு நடுவே மனசுக்குள் ஒரு இடம், நகக்கண் அளவுக்கு, லேசாகிக்கொண்டே வந்ததை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினாள். அம்பாரோ பிழைத்துக்கொண்டாள்.

முறைப்படி இருவரும் கொமாத்ரே. அம்பாரோவின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றவள் ஒடிலியா. கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சுவரில் வரைந்தவள் கையில் மெழுகுவத்தியோடு கோவிலுக்குள் நின்றாள். ஃபிதென்சியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கட்சி உன்னை நீக்கப் போகிறது, அதற்குள் பாதிரியார் உன்னைச் சேர்த்துக்கொள்வார் என்று காதில் சொன்னான். நல்ல உயரம். என்ஜின் பட்டறையில் மெக்கானிக். அவன் பேசினால் கொதிகலன் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், அவன் குரலை உயர்த்தவே மாட்டான். அவனைச் சுவரில் வரைகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றான். தனி ஆளை வரையாதே, எல்லாரையும் வரை. எல்லாரையும்தான் வரைகிறேன், எல்லாருக்கும் ஒரு முகம் வேண்டாமா என்று இவள்தான் மல்லுக்கு நின்றாள். ஒரு நாள் முழுக்க நின்றான். ஈரம் காய்வதற்குள் முகத்தை முடித்தாக வேண்டும். அன்றைக்குப் பூசிய காரை அன்றைக்கே வண்ணத்தைக் குடிக்கும், மறுநாள் குடிக்காது. காலை ஆறரைக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்தாள். சோளம் சுமக்கும் விவசாயிகளுக்கும் என்ஜினுக்கும் நடுவே, பனையோலைத் தொப்பியைப் பின்னந்தலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு, நெற்றி முழுக்க வெளிச்சம் விழ, நேரே பார்க்கிற ஒருவன். நேரே. முற்றத்துக்குள் யார் நுழைந்தாலும் அவர்கள் கண்ணைப் பார்க்கிற மாதிரி. அந்தப் பார்வை முப்பத்தொரு வருஷமாக அவளைப் பின்தொடர்ந்தது. மற்ற ஊர்களில், மற்ற சுவர்களில், சாரத்தில் நிற்கும்போது முதுகில் உறுத்தும். திரும்பினால் ஒன்றும் இருக்காது.

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. வந்துவிட்டாரா? இல்லை, ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில், கையில் கோப்போடு, நீல உடுப்பில் டாக்டர் ரெபெக்கா சல்தீவார் நிற்கிறாள். சுவரைச் சீர்செய்தவள். ஐம்பது வயது இருக்கும். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க முயற்சி செய்கிறாள் என்று தெரிகிறது. ஒரு மாசத்துக்கு முன்னால் அவள் ஒடிலியாவின் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டாள். ஓவிய ஆசான்களை அழைக்கிற மாதிரி மாயெஸ்த்ரா என்று அழைத்தாள்; மேல்பூச்சை எடுத்துவிட்டோம், அடியில் முகம் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை என்றாள். நல்லது என்றாள் ஒடிலியா. மேலே பூசியவர் ரொம்பத் தேர்ந்தவர், பாலிலிருந்து எடுக்கிற பால்பசையில் குழைத்த வண்ணம், ஈரப் பஞ்சு பட்டதும் பொடிப்பொடியாக வந்துவிட்டது என்றாள். ஓ என்றாள் ஒடிலியா. தூரிகை வீச்சு எல்லாம் இடமிருந்து வலமாகக் கீழே இறங்குகிறது, பூசியவர் இடதுகைக்காரர் என்றாள். காப்பியின்மேல் ஆடை படிவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ரெபெக்காதான் பேசினாள். "என் அறிக்கையில 'அடையாளம் தெரியாத கை'ன்னு எழுதியிருக்கேன், மாயெஸ்த்ரா. உங்களுக்குச் சம்மதமா?" ஒடிலியா, சர்க்கரை போடட்டுமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தன்னைத் தூக்கிவிட நீண்ட ஒருத்தியின் கையைப் பார்த்து, சர்க்கரை போடட்டுமா.

ஆனால் பால்பசையில்தானே பூசினேன். அதை யாராவது யோசிக்க வேண்டாமா? சுண்ணாம்பில் பூசியிருந்தால் ஒட்டிப்போயிருக்கும், உளியால் கொத்தியிருந்தால் போயே போயிருக்கும். பின்னால் ஒரு நாள் ஒருத்தி வந்து ஈரப் பஞ்சால் எடுக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். உள்ளே இருக்கிறவனுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி. இந்த வரியை அவள் வருஷக்கணக்காகத் தனக்குத் தானே சொல்லி வழவழப்பாக்கி வைத்திருந்தாள். ஆனால் அன்றைக்கு அப்படி நினைத்தாளா? அன்றைக்கு அவளிடம் இருந்தது பால்பசை மட்டும்தான். சுண்ணாம்பு குழைக்கக் கொத்தனார் வேண்டும், கொத்தனார் வந்தால் ஊருக்குத் தெரியும். பால்பசை ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடும். எது முதலில் வந்தது, அந்த எண்ணமா அந்தக் கிண்ணமா? எத்தனை தடவை தோண்டினாலும் இந்த இடத்தில் மண் சரிந்து மூடிக்கொள்கிறது.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபத்து நான்கு வயதில் முதல் தடவை கைதானபோது அடித்தார்கள். ஒரு பல் போயிற்று, அதை ரொம்ப நாள் ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்து வருகிறவர்களிடம் காட்டினாள். இரண்டாவது தடவை, நாற்பத்திரண்டு வயதில், பதினோரு நாள் ஒரு அறையில் வைத்திருந்தார்கள். சுத்தமான அறை. யாரும் தொடவில்லை. ஜன்னல் வழியே காலையில் ரொட்டி சுடும் வாசனை வரும். மூக்குக் கண்ணாடியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினோரு நாளும் உலகம் வண்ணக் கரைசலாக இருந்தது. பதினோராவது நாள் அந்த அதிகாரி வந்தார். நல்ல கோட்டு, வாயில் சோம்பு மிட்டாய், குரலில் மரியாதை. கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். உங்கள் சுவரை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்கும் என்றார். பிடிக்கும் என்று அவர் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் ரெபெக்கா. பதினோரு நாள் யாரிடமும் பேசாத ஒருத்திக்கு, தன்னை அடைத்து வைத்தவன் உன் ஓவியம் நன்றாயிருக்கிறது என்றதும் கண்ணில் நீர் வந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு உளியோடு ஆட்கள் வருவார்கள் என்றார் அவர். நாற்பது மீட்டரையும் கொத்திவிடச் சொல்லி உத்தரவு. நான் தடுக்கலாம். அந்த ஆள் முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். நாற்பது மீட்டர், ஒரு முகம். நீங்களே யோசியுங்கள்.

யோசித்தாள். யோசிக்கவில்லை. நாற்பது மீட்டரில் நூற்றுப் பதினேழு உருவங்கள் இருந்தன, சோளத்தட்டை சுமக்கிற பெண்கள், சுரங்கத்திலிருந்து வருகிறவர்கள், ஒரு செத்த குதிரை, அந்தக் குதிரைக்காக மட்டும் ஒன்பது நாள். அத்தனையையும் கொத்தவிட்டு அந்த ஒருவனைக் காப்பாற்ற முடியாது, அவனையும் சேர்த்துத்தான் கொத்துவார்கள். இதில் எங்கே தப்பு? எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் இதையே சொல்லும். அப்படியானால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? தப்பில்லாத காரியத்தை மனிதர்கள் சொல்லிக்கொண்டு திரிவார்கள். வாயை மூடிய அன்றைக்குத்தான் அது தப்பாக மாறியது. இல்லை, அதற்கும் முன்னாலேயே. தொப்பியில். அதிகாரி தொப்பி என்று சொல்லவே இல்லை. முகம் தெரியக் கூடாது என்றார், எப்படி என்று சொல்லவில்லை. அவர்தான் தொப்பி என்று சொன்னார் என்று இருபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் பல் தேய்க்கும்போது, இல்லை, அது தன் குரல்தான் என்று தெரிந்தது. தொப்பியைக் கீழே இறக்கிவிடலாம், கன்னம் வரைக்கும், நிழல் மறைத்துவிடும். அப்படிச் சொன்னது அவள். ஓவியக்காரிக்கு உடனே தோன்றிவிட்டது. அதிகாரி சிரித்து, அதற்குத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும் என்றார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கட்டிடத்தில், வாசலில் இரண்டு காவலர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, நான்கு மணி நேரத்தில் முடித்தாள். பின்னந்தலையில் இருந்த தொப்பி முன்னால் சரிந்தது. நேரே பார்த்தவன் தலை கவிழ்ந்தான். வேலைநிறுத்தத்தை நடத்தியவன், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சுவரோரம் தூங்குகிற ஒருவனாகிவிட்டான். சந்தையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிற களிமண் பொம்மை மாதிரி. அந்த நாற்பது மீட்டரில் அரசாங்கத்தார் தபால் அட்டையாகப் போட்டது அந்த இடத்தைத்தான். நண்பகல் ஓய்வு என்று பெயர் வைத்தார்கள். விமான நிலையத்தில் ஒரு தடவை அதைச் சுழல் அடுக்கில் பார்த்தாள். கழிப்பறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு விமானம் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் வரைந்த சுவர்களில் முஷ்டிகள் பெரிதாகிக்கொண்டே போயின. கொடிகள் சிவந்தன, வாய்கள் திறந்தன, ஒருவன்கூடத் தொப்பி போடவில்லை. விமர்சகர்கள் அதை அவளுடைய இரண்டாம் காலம் என்றார்கள், மேலும் கூர்மையான அரசியல் என்றார்கள். ஊர்வலங்களில் முன்னால் நடந்தாள். மேடையில் அடுத்தவர்கள் சமரசத்தைக் கிழித்தாள். கட்சியில் ஒரு பையன் வேலைக்காக ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான் என்று அவனை வெளியேற்றச் சொல்லிக் கையைத் தூக்கியவர்களில் அவள் முதல் ஆள். எந்தக் கையை? ஞாபகமில்லை. இடதாகத்தான் இருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் போனாலே மனசு வேறு எங்காவது தாவிவிடும், இதோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பித்தளைக் குழல்களைத் தூக்குகிறார்கள், துணையமைச்சர் வந்துவிட்டார், எல்லாரும் எழுகிறார்கள், அம்பாரோ கையைக் கொடுத்துத் தூக்கிவிடுகிறாள், நன்றி, நன்றி, உட்காருங்கள். இன்னொன்று என்னவென்றால், தொப்பியை முடித்துவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கி, பத்தடி பின்னால் வந்து பார்த்தாள். கை தானாகவே இடுப்புக்குப் போயிற்று. சரியாக வந்திருந்தது. இரண்டு வருஷமாக அந்த நடுப்பகுதியில் அவளுக்கு ஏதோ ஒரு குறை தெரிந்துகொண்டே இருந்தது. அந்த நெற்றி வெளிச்சம் கண்ணைப் பிடித்து நிறுத்தி, என்ஜினுக்குப் போகவிடாமல் செய்தது. இப்போது நிழல் விழுந்ததும் கண் வழுக்கிக்கொண்டு போய் என்ஜினில் நின்றது. ஓவியம் முன்னைவிட நன்றாகிவிட்டது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவள் மனசு நிறைந்தது. அந்த நேரத்தில் ஃபிதென்சியோவை எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாது. அந்த விநாடியை எந்தப் பால்பசையும் மூடவில்லை.

ஆறு வருஷம் கழித்து அவன் வெளியே வந்தான். நேரே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அம்பாரோவையும் கூட்டிக்கொண்டு இவள் வீட்டுக்கு வந்தான். தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. அவரைக்காய்க் குழம்பும் நாலு தொர்த்தியா ரொட்டியும் சாப்பிட்டான், மெதுவாக, தட்டைப் பார்த்தபடி. அம்பாரோதான் பொரிந்து தள்ளினாள், எந்தப் பாவி அதைச் செய்தானோ அவன் கை முடங்கிப் போகட்டும், ஒவ்வொரு வருஷமும் அதற்கென்றே ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று. ஃபிதென்சியோ வாயைத் துடைத்துக்கொண்டு, "செஞ்சவன் நல்ல வேலைக்காரன். நிழல் சரியா விழுந்திருக்கு" என்றான். அவ்வளவுதான். இவளைப் பார்த்துச் சொன்னானா, தட்டைப் பார்த்துச் சொன்னானா? மெக்கானிக்கின் கண் அது, ஒரு திருகைப் பார்த்தே யார் முறுக்கியது என்று சொல்லிவிடும் கண். தெரிந்துதான் சொன்னானா? அதற்குப் பின் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தான். ஒன்பது வருஷத்தில் எத்தனை சாப்பாடு, எத்தனை பிறந்தநாள். ஒவ்வொன்றிலும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து, இன்றைக்கு வேண்டாம் என்று எழுந்தாள். அவன் சவப்பெட்டியின் ஒரு முனையை அவளும் தூக்கினாள். ஐம்பத்தைந்து தாண்டியதும் இடது கை விரல்கள் மடங்க ஆரம்பித்தன. வாதம் என்றார் டாக்டர். அவள் மெழுகுவத்தியையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அம்பாரோ ஒவ்வொரு டிசம்பரிலும் தைலம் கொண்டுவந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

துணையமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். இளைஞர், நாற்பதுகூட இருக்காது, வேலைநிறுத்தம் நடந்தபோது மழலைப் பேச்சு பேசிக்கொண்டிருந்திருப்பார். அன்றைய இருண்ட கை என்றார். நாங்கள் அவர்கள் அல்ல என்றார். கைதட்டினார்கள். கயிற்றை இழுத்தார். துணி கொஞ்சம் சிக்கி, பிறகு சரிந்தது. ஒடிலியா தலையைக் குனிந்திருந்தாள். அம்பாரோவின் கை இறுகியது. "பாரு, கொமாத்ரே. பாரேன்." பார்த்தாள். முதலில் காதுதான் தெரிந்தது. இடது காது கொஞ்சம் மேலே போயிருக்கிறது, அன்றைக்கே தெரிந்த தப்பு, காரை காய்ந்துவிட்டதால் விட்டுவிட்டாள். அப்புறம் வயசு. எவ்வளவு சின்னவன். முப்பத்தாறு வயது, இப்போது பேசிய துணையமைச்சர் வயதுதான். அப்புறம் கண். அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியில் நகர்ந்து பார்த்தாள். எங்கே நகர்ந்தாலும் பார்க்கவில்லை. அவன் நேரே பார்க்கவே இல்லை, கொஞ்சம் பக்கவாட்டில், என்ஜின் இருந்த திசையில், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பப் போகிறவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளேதான் அப்படி வரைந்திருக்கிறாள். அப்படியானால் முப்பத்தொரு வருஷம் முதுகில் உறுத்தியது யாருடைய கண்? அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. குற்றம் சாட்டுகிறான், மன்னிக்கிறான், தெரிந்து வைத்திருக்கிறான் என்று அவள் கட்டிவைத்த அத்தனையும், அவன் பாட்டுக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தனியாக அவனுக்கும் சேர்த்துப் பேசிய பேச்சு. அம்பாரோ அழுதாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்து, குழந்தை அழுகிற மாதிரி.

மாயெஸ்த்ரா ஒடிலியா பர்ரகான் சில வார்த்தைகள் பேசுவார் என்று ஒலிபெருக்கி சொன்னது. எழுதிவைத்த தாள் கோட்டுப் பையில் இருந்தது. நடந்து போகும்போது அதைத் தொட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. ஒலிவாங்கியை யாரோ அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். முற்றம் நிறைய ஈரக் கோட்டுகள், குடைகள். இது பயம் இல்லை, பயத்துக்கு ஒரு ருசி உண்டு, நாக்கில் இரும்பு வைத்த மாதிரி, அது இல்லை. சும்மா களைப்பு. ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், எங்கே இறக்குவது என்றுகூடப் பார்க்காமல் கையை விட்டுவிடுகிற களைப்பு. "இந்த முகத்தை எந்த அதிகாரமும் அழிக்கல" என்றாள். "அழிச்சது என் கை. இந்தக் கை." தூக்கிக் காட்டினாள். மடங்கிய விரல்கள் முழுதாக விரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள், அது முன்னால் பரவிக்கொண்டு வந்தது, எழுந்து நின்று தட்டினார்கள். துணையமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவளைத் தழுவி, ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பி, இதுதான் பெருந்தன்மை, ஒரு தலைமுறையின் குற்றத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறார், அமைதியாக இருந்த நம் எல்லாருடைய கையும்தான் இந்தக் கை என்றார். நான் உருவகம் பேசவில்லை என்று அவள் சொன்னாள். ஒலிவாங்கி அந்தப் பக்கம் இருந்தது. ரெபெக்கா சல்தீவார் மட்டும் கைதட்டாமல், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒடிலியாவின் கழுத்தில் விழாப் பதக்கம் விழுந்தது. ஜில்லென்று இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். அம்பாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டே, ரொம்ப அழகாகப் பேசினாய், அவர் இருந்திருந்தால் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார் என்று சொல்லி, மறுபடியும் அந்தக் கைக்காகத் தன் கையை நீட்டினாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். சொல்லியாகிவிட்டது, ஐந்நூறு பேருக்கு முன்னால், ஒலிபெருக்கியில். அவள் சொல்லவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. நாற்பது மீட்டருக்கு ஒரு முகம் என்ற அதே கணக்கு மறுபடியும் எவ்வளவு சுத்தமாக வந்து நிற்கிறது. அவள் அம்பாரோவின் காதருகே குனிந்தாள். நரைமுடியிலிருந்து லாவெண்டர் சோப்பு வாசனை வந்தது. "அம்பாரோ, அது பேச்சு இல்ல. அந்தத் தொப்பியை வரைஞ்சது நான். என்னை விட்டாங்களே, அதுக்கு மறுநாள். ஞாயித்துக்கிழமை. பால்பசையில. நான்தான்." அம்பாரோவின் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அப்படியே வைத்திருந்தாள். பித்தளைக் குழல்கள் மறுபடி ஊத ஆரம்பித்தன. அம்பாரோ கேட்டாள். "அவருக்குத் தெரியுமா?" "நான் சொல்லல" என்றாள் ஒடிலியா. அம்பாரோ நீட்டிய கையைத் திரும்ப எடுத்து, கைப்பையைத் திறந்து, எதையோ தேடுகிற மாதிரி பார்த்து, மூடினாள். "எங்க வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருக்கீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் அவள் ஒடிலியாவை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

படம் எடுப்பவர்கள் கூப்பிட்டார்கள். ஓவியரும், தலைவரின் மனைவியும், சுவருக்கு முன்னால். அம்பாரோ போக மாட்டாள் என்று ஒடிலியா நினைத்தாள். ஆனால் அம்பாரோ எழுந்தாள், சால்வையைச் சரிசெய்துகொண்டாள், யார் கையையும் பிடிக்காமல் நடந்து போய் அந்த முகத்துக்கு நேர் கீழே நின்றாள். அண்ணாந்து அவனை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் காமிராவைப் பார்த்தாள். ஒடிலியா மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றாள். பக்கத்தில் என்றால், எவ்வளவு தூரம் வரை போகலாம் என்று தெரியாமல், மூன்று எட்டு தள்ளி, செத்த குதிரையின் முழங்காலுக்குக் கீழே. இன்னும் கொஞ்சம் சேர்ந்து நில்லுங்கள், சிநேகிதிகள்தானே என்றான் படம் எடுப்பவன். கையால் சைகை காட்டினான். ஒடிலியா அசையவில்லை, அசைய அவளுக்கு உரிமை இல்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் நகர வேண்டும் என்று எல்லாரும் சிரித்தபடி காத்திருந்தார்கள். "நான் என் புருஷன்கூட நிக்கிறேன்" என்றாள் அம்பாரோ. படம் எடுப்பவன் நான்கைந்து எட்டு பின்னால் போய், நடுவில் யாரும் நிற்காத சுவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.